வானொலிப் பெருக்கியில் எழும் வெப்ப இரைச்சல்



வானொலிப் பெட்டியில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே முள்ளைத் திருப்பும்போது 'ஸ்ஸ்' என்று ஓர் ஓசை கேட்கிறதல்லவா? பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் வரும் அந்த ஓசையைக் கேட்க யாரும் வானொலி வாங்குவதில்லை. கேட்டதும் முள்ளை மேலும் தள்ளிவிடுகிறோம். ஆனால் அதையே இரவு பகலாகக் காது கொடுத்துக் கேட்டு, அது எங்கிருந்து வருகிறது, எப்படிக் குறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள். 'ஹாம்' என்றும் சொல்வார்கள். பிழைப்புக்காக அல்லாமல் ஆர்வத்துக்காக, தேர்வு எழுதி அரசாங்க உரிமம் பெற்று, வீட்டிலிருந்தே உலகத்தோடு அலைவழி பேசுகிறவர்கள். தீபகற்ப மலேசியாவில் 9எம்2 என்றோ 9டபிள்யூ2 என்றோ தொடங்கும் அழைப்புக் குறியை யாராவது சொல்லக் கேட்டால், அவர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் இளமைக் காலத்தில் பல தோட்டங்களுக்கு மின்சாரம் தோட்டத்து டீசல் இயந்திரத்திலிருந்துதான் வந்தது. இரவில் குறித்த நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். லயம் முழுவதும் இருளாகும். அப்போது பேட்டரி வானொலியை வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அதுவரை பாட்டுக்குக் கீழே 'ம்ம்' என்று உறுமிக்கொண்டிருந்த ஓசை இயந்திரத்தோடு சேர்ந்து நின்றுபோகும். 'ஸ்ஸ்' என்ற ஓசை மட்டும் நிற்காது. உறுமல் மின்கம்பியிலிருந்து வந்தது. அப்படியானால் இந்த 'ஸ்ஸ்' எங்கிருந்து வருகிறது?

அதில் ஒரு பங்கு வானத்திலிருந்து வருகிறது. இன்னொரு பங்கு வானொலிப் பெட்டியின் உள்ளிருந்தே வருகிறது. உள்ளிருந்து வருவதைத்தான் வெப்ப இரைச்சல் என்கிறோம்.

தகரக் கூரையின்மேல் மழை பெய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி விழுந்தால் 'டொக்' என்று தனியாகக் கேட்கும். ஆயிரக்கணக்கான துளிகள் ஒழுங்கில்லாமல் விழும்போது தனித்தனித் தட்டல் மறைந்து ஒரே இரைச்சலாகிவிடுகிறது. உலோகக் கம்பி, கரித்துண்டு போன்ற மின்சாரம் கடத்தும் எந்தப் பொருளிலும் எலெக்ட்ரான்கள் என்ற மிக நுண்ணிய மின்துகள்கள் இருக்கின்றன. பொருளில் சூடு இருக்கும்வரை அவை அங்குமிங்கும் துள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துள்ளலும் ஒரு சிறு மின் அசைவு. கோடானுகோடி அசைவுகள் சேரும்போது, நாம் எந்த மின்சாரமும் செலுத்தாமலே அந்தப் பொருளின் இரு முனைகளுக்கிடையே ஒரு சிறிய, ஒழுங்கற்ற மின்னழுத்தம் உண்டாகிறது. வானொலியில் இருக்கும் பெருக்கி, அதாவது வலுவற்ற அலையை வலுப்படுத்தித் தரும் பகுதி, இந்த அசைவையும் சேர்த்தே வலுப்படுத்துகிறது. அதுதான் நம் காதுக்கு மழை இரைச்சலாக வந்து சேர்கிறது.

இதை அளந்து காட்டியவர் ஜான் ஜான்சன். அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அதற்குக் கணக்கு சொன்னவர் ஹாரி நைக்விஸ்ட். இருவருடைய கட்டுரைகளும் 1928-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இருவரும் ஸ்வீடன் நாட்டில் பிறந்து, பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனவர்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறோம். ஜான்சன் கரி, உலோகக் கம்பி, உப்புக் கரைசல் என்று பலவற்றைச் சோதித்தார். பொருள் எதுவாக இருந்தாலும் இரைச்சல் மூன்றே காரணங்களைப் பொறுத்தது என்று தெரிந்தது. எவ்வளவு சூடு, எவ்வளவு மின்தடை, எவ்வளவு அகலமான அலைவரிசையை நாம் கேட்கிறோம் என்பவை அம்மூன்றும்.

அளவைச் சொன்னால் வியப்பாக இருக்கும். 27 டிகிரி வெயிலில், 50 ஓம் மின்தடையில், பேச்சுக்குப் போதுமான 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் எழும் இரைச்சல் ஏறத்தாழ 0.045 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் இருபத்திரண்டாகப் பங்கிட்டால் கிடைப்பது அது. இவ்வளவு சிறியதை எதற்காகப் பொருட்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். தொலைவிலிருந்து வரும் மனிதக் குரலும் சில வேளைகளில் அவ்வளவு சிறியதாகத்தான் ஏரியலுக்கு வந்து சேர்கிறது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி வந்ததை நாம் மறக்க முடியாது. பினாங்கிலும் கெடாவிலும் உயிர்கள் போயின. அந்தமான் தீவுகளில் அழிவு மிகப் பெரிது. அங்கே தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. அப்போது போர்ட் பிளேர் நகரத்து விடுதி ஒன்றில் இந்தியாவிலிருந்து வந்த அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று தங்கியிருந்தது. பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அதில் இருந்தார். பொழுதுபோக்காக உலகத்தோடு பேச வந்தவர்கள், அன்று முதல் உயிரோடு இருப்பவர்களின் செய்திகளைக் கடல் கடந்து சொல்லும் வேலையில் இறங்கினார்கள். அத்தகைய நேரத்தில் மறுமுனையில் காது கொடுத்திருப்பவருக்கு ஒரு பெயர் இரைச்சலுக்கு மேலே கேட்கிறதா, கீழே மூழ்கிவிடுகிறதா என்பது சின்ன விஷயம் அல்ல.

இனி எங்கள் சொந்தக் கதை ஒன்று. வெகுநாளைக்கு முன் 144 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தோம். தொலைவிலுள்ள நிலையங்கள் சரியாகக் கேட்கவில்லை என்று பட்டணத்துக் கடை ஒன்றில் பூஸ்டர் பெருக்கி வாங்கி வந்தோம். கைக்காசு முழுவதும் அதற்கே போயிற்று. மேசைமேல் வைத்து, ஏரியல் கேபிளுக்கும் வானொலிக்கும் நடுவே மாட்டினோம். மீட்டர் முள் துள்ளி எழுந்தது. எங்களுக்கும் துள்ளல்தான். ஆனால் கேட்டுப் பார்த்தால், குரல் எவ்வளவு உயர்ந்ததோ அதே அளவுக்கு இரைச்சலும் உயர்ந்திருந்தது. முன்பு கேட்காத நிலையம் இப்போதும் கேட்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பல நாள் குறைபட்டுக்கொண்டிருந்தோம். பெருக்கியில் பழுது ஒன்றும் இல்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாதது எங்கள் குற்றம். எங்கே வைப்பது என்பதைப் பின்னால் சொல்கிறோம். அதற்கு முன் நோயைக் கண்டறிய வேண்டும்.

முதல் சோதனை காதால் செய்வது. தகரக் கூரை மழைபோல் ஒரே சீராக 'ஸ்ஸ்' என்று வந்தால் அது வெப்ப இரைச்சலாக இருக்கலாம். பட்டாசு போல் வெடித்து வெடித்து வந்தால் அது எங்கோ இடிக்கும் மின்னல். உறுமினால் மின்கம்பி. கொசு ரீங்காரம் போல் ஒரே சுருதியில் வந்தால், இந்நாளில் பெரும்பாலும் எல்.இ.டி. விளக்கோ கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியோதான் குற்றவாளி. வானொலியைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு விளக்குகளையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைக்கும்போது ஓசை நிற்கிறதோ அதுதான் காரணம். அதற்குப் பெருக்கியைத் திறந்து பார்ப்பது வீண் வேலை.

இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. ஏரியலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள். இரைச்சல் நன்றாகக் குறைந்துவிட்டால், அது வெளியிலிருந்து வந்த இரைச்சல், பெருக்கி குற்றமற்றது. குறையாமல் அப்படியே இருந்தால், இரைச்சல் பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது.

30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேயுள்ள சிற்றலை வரிசையில் இதைச் செய்தால், ஏரியலைக் கழற்றியதும் இரைச்சல் பெரிதும் விழுந்துவிடும். உலகில் இடி மிகுதியாக இடிக்கும் பகுதிகளில் நம் நாடும் ஒன்று. நம் வானத்து மின்னலோடு ஆயிரக்கணக்கான மைல் தொலைவு மின்னலின் ஓசையும் சிற்றலையில் ஓடி வந்து சேரும். அதன் முன்னே பெருக்கியின் வெப்ப இரைச்சல் ஒன்றுமே இல்லை. ஆகவே, ஓரளவு நல்ல ஏரியல் வைத்திருப்பவர் சிற்றலைக்காகப் பூஸ்டர் வாங்குவது காசுக்குக் கேடு என்பது எங்கள் தீர்மானமான கருத்து. 144, 430 மெகாஹெர்ட்ஸ் வரிசைகளில் கதை வேறு. அங்கே வானம் அமைதியானது. ஏரியலைக் கழற்றினாலும் மாட்டினாலும் இரைச்சல் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அங்கேதான் வெப்ப இரைச்சலோடு நமக்கு உண்மையான வழக்கு.

மூன்றாவது சோதனை, பெட்டியைத் திறந்து வேலை செய்யப் பழகியவர்களுக்கு. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் கருவியில் மட்டும் இதைச் செய்யுங்கள். பழைய வால்வு வானொலிக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து. டிரான்சிஸ்டர் கருவியில் பல கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒலிபெருக்கிக்கு அருகிலுள்ள கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டத்தின் நுழைவாயிலையும் ஒரு கெப்பாசிட்டர் வழியாக எர்த்தோடு தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் நின்றால், அது அந்தக் கட்டத்துக்கு முன்பிருந்து வருகிறது. ஒரு கட்டம் முன்னே போய் மறுபடியும் தொடுங்கள். எந்தக் கட்டத்தின் வாயிலைத் தொட்டும் இரைச்சல் நிற்கவில்லையோ, அந்தக் கட்டத்தில்தான் அது பிறக்கிறது.

நல்ல நிலையிலுள்ள கருவியில் இந்தத் தேடல் முதல் கட்டத்தில் போய் முடியும். நடுவில் ஒரு கட்டத்தில் முடிந்தால், அங்கே ஏதோ கெட்டிருக்கிறது. பழைய கருவிகளில் பெரும்பாலும் அது கரித்தூளால் செய்த ரெசிஸ்டராக இருக்கும். மின்சாரம் ஓடும்போது அவ்வகை ரெசிஸ்டர் வெப்ப இரைச்சலுக்கு மேலே தன் பங்குக்கும் கரகரக்கும். அதே அளவுள்ள உலோகப் படல ரெசிஸ்டரை மாற்றினால் அடங்கிவிடும். விலை சில காசுகள்தாம். ஆனால் ஒன்று. உலோகப் படலமானாலும் சூட்டினால் எழும் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். தங்கத்தால் செய்தாலும் இருக்கும்.

முதல் கட்டம் ஏன் அவ்வளவு முக்கியம்? பால்வெட்டுக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெட்டு முடிந்து பால் மங்கில் இறங்கிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? மங்கில் இருப்பதே ஒரு கை பால். அதில் ஒரு கை மழைத்தண்ணீர் விழுந்தால் அந்த மரத்துப் பால் கெட்டது. அதே ஒரு கை தண்ணீர் ஆலையிலுள்ள பெரிய தொட்டியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. வானொலியிலும் அப்படியே. அலை மிகச் சிறிதாக இருக்கும் முதல் கட்டத்தில் விழும் இரைச்சல் அலையைக் கெடுத்துவிடுகிறது. அலை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருகிய பிறகு விழும் அதே அளவு இரைச்சல் பொருட்டாகாது. இதற்கு ஒழுங்கான கணக்கை 1944-ஆம் ஆண்டில் எழுதியவர் ஹரால்ட் ஃபிரிஸ். அவரும் பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்தான்.

எங்கள் பூஸ்டர் ஏன் பயன்படவில்லை என்பது இப்போது விளங்கும். ஏரியல் கம்பத்தின் உச்சியில் இருந்தது. பூஸ்டர் மேசைமேல் இருந்தது. நடுவே நீளமான மெல்லிய கேபிள். கேபிளும் ஒரு மின்தடைதான். வருகிற அலையில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் தன் வெப்ப இரைச்சலை வைத்து அனுப்புகிறது. ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிள் 430 மெகாஹெர்ட்ஸில் பத்தே மீட்டரில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். மங்கிலேயே தண்ணீர் கலந்த பாலை, ஆலையில் எவ்வளவு பெரிய தொட்டியில் ஊற்றினால் என்ன? பெருக்கியைக் கம்பத்தின் உச்சியில், ஏரியலை ஒட்டினாற்போல், மழை புகாத பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். பிறகு அப்படித்தான் வைத்தோம். முன்பு கேட்காத குரல் ஒன்று அன்று மாலையே கேட்டது.

மகிழ்ச்சியில் பதில் சொல்ல மைக்கை அழுத்தினோம். பெருக்கி எரிந்துபோயிற்று! கேட்பதற்காகச் செய்த மென்மையான பெருக்கிக்குள் அலைபரப்பும் வலுவைத் திருப்பி அனுப்பினால் வேறென்ன ஆகும்? பேசும்போது பெருக்கியை விலக்கிவிட்டு வேறு வழியாக அலையை அனுப்பும் ரிலே ஒன்று வேண்டும் என்பதை அப்படிக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

கம்பத்தில் ஏறுவதைப் பற்றியும் ஒரு சொல். மின்கம்பிக்கு அருகில் ஏரியல் கம்பம் நடவேண்டாம். வானம் இருண்டால் ஏறவேண்டாம். இடி தொடங்குவதற்கு முன்பே கேபிளை வானொலியிலிருந்து கழற்றி வெளியே போடுங்கள்.

இரைச்சலை அடக்க இன்னொரு வழி, கேட்கும் அகலத்தைக் குறுக்குவது. செலவு குறைவு, பலன் அதிகம். பேச்சுக்கு 2,500 ஹெர்ட்ஸ் வேண்டும். 'டிட் டா' என்று வரும் மோர்ஸ் தந்திக்கு 500 ஹெர்ட்ஸ் போதும். ஐந்தில் ஒரு பங்கு அகலத்தை மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டால், இரைச்சலின் வலுவும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். குரல் மூழ்கிப்போகும் இடத்தில் தந்தி கேட்பதற்கு இதுதான் காரணம். முதல் கட்டத்தின் வாயிலில் அலை போகும் பாதையில் தேவையில்லாத ரெசிஸ்டர் எதுவும் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பிச் சுருளும் நல்ல கெப்பாசிட்டரும் மிகச் சிறிதளவே இரைச்சல் தரும்; மின்தடைதான் இரைச்சலின் ஊற்று.

சூட்டினால் வரும் இரைச்சல்தானே, பெருக்கியை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் என்ன என்று ஒரு பையன் எங்களிடம் கேட்டான். நல்ல கேள்வி. அடுப்படியில் நாம் சூடு, குளிர் என்று சொல்லும் கணக்கு இங்கே உதவாது. எலெக்ட்ரான்களின் துள்ளல் முற்றாக அடங்க வேண்டுமானால் சுழிக்குக் கீழே 273 டிகிரிவரை போகவேண்டும். அங்கிருந்து எண்ணினால் நம் ஊர் வெயில் 300. உறையும் ஐஸ் 273. முந்நூறில் இருபத்தேழு குறைந்தால் குறைவது நூற்றுக்கு ஒன்பதுதான். காதுக்குத் தெரியாது. பெரிய வானொலித் தொலைநோக்கிகளில் ஹீலியத்தால் பெருக்கிகளை மிகக் கடுமையாகக் குளிர்விப்பது உண்மை. அது நம்மால் ஆகிற காரியம் அல்ல. நல்ல டிரான்சிஸ்டர் வாங்குவது அதைவிட மலிவு.

கடைசியாக, பெருக்கி நல்லதுதானா என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ளும் சோதனை ஒன்று. 430 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்கான யாகி ஏரியலை, அதாவது தொலைக்காட்சி ஏரியல் போல் குறுக்குக் குச்சிகள் வைத்ததை, கையில் பிடித்து முதலில் தரையை நோக்கிக் காட்டுங்கள். பிறகு மெல்ல உயர்த்தி, மரங்களுக்கு மேலே வெறும் வானத்தை நோக்கிக் காட்டுங்கள். தரையும் மரங்களும் நம் வெயிலின் சூட்டில் இருப்பவை. அவையும் இரைச்சல் தருகின்றன. பால்வீதியை விட்டு விலகிய வானம் அவற்றைவிட மிகவும் குளிர்ந்தது. ஆகவே ஏரியல் வானத்தைப் பார்த்ததும் இரைச்சல் இறங்க வேண்டும். தெளிவாக இறங்கினால் உங்கள் பெருக்கி நல்ல பெருக்கி. அசையாமல் இருந்தால், அது தன் இரைச்சலிலேயே மூழ்கிக் கிடக்கிறது; வானத்தின் குளிர் அதற்குத் தெரியவில்லை. பட்டணத்து அடுக்குமாடியில் இந்தச் சோதனை ஒழுங்காக வராது. சுற்றிலும் ஆயிரம் கருவிகள் கூச்சலிடும். கம்பிகளும் கட்டடங்களும் குறைந்த தோட்டத்து வெளியில் நன்றாக வரும். இந்த ஒரு காரியத்தில் தோட்டத்துக்காரர்களுக்குப் பட்டணத்தாரைவிட வசதி அதிகம்.

பால்வீதி என்றதும் குரோட் ரெபர் என்பவரின் நினைவு வருகிறது. அமெரிக்காவில் வீட்டன் என்ற ஊரில் இருந்த அமெச்சூர் வானொலிக்காரர். வானத்திலிருந்து ஓர் இரைச்சல் வருகிறது என்று கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர் 1933-இல் எழுதியதைப் படித்தார். 1937-இல் தன் சொந்தக் காசில், வீட்டுக் கொல்லையில் ஒன்பது மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள வட்டில் ஏரியலைக் கட்டினார். முதலில் 3,300 மெகாஹெர்ட்ஸில் கேட்டார், ஒன்றும் இல்லை. பெருக்கியை மாற்றி 900 அளவில் கேட்டார், ஒன்றும் இல்லை. மூன்றாவதாக 160 மெகாஹெர்ட்ஸுக்குப் புதிதாக ஒரு கருவி செய்தார். அதில் கேட்டது. நாம் 'ஸ்ஸ்' என்று தள்ளிவிடும் ஓசையில் பால்வீதியின் பங்கு எது, பெட்டியின் பங்கு எது என்று பிரித்தெடுத்து, வானத்துக்கு ஒரு வானொலி வரைபடம் போட்டார்.

அலைபரப்ப உரிமம் வேண்டும் என்று முன்பே சொன்னோம். பள்ளியில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் அந்தத் தேர்வுக்கு இன்றே படிக்கத் தொடங்கலாம். அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் அமெச்சூர் வானொலிக் கருவி ஒன்று இருக்கிறது. அதன் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸில் இறங்கி வரும். நிலையம் நம் தலைக்கு மேலே கடந்து போக ஏறத்தாழப் பத்து நிமிடம்தான் ஆகும். அதற்குள் ஏரியலை எந்தப் பக்கம் திருப்புவது, அலை வேகமாக நகர்வதால் முள்ளை எப்படிச் சற்றே மாற்றிக்கொண்டு போவது என்பவற்றை அடுத்த உரையில் சொல்கிறோம்.